படத்துக்குக் கட்டிய தாலி

எனக்கு முதலில் தாலி கட்டிய ஆளின் முகத்தை நான் பார்த்ததில்லை. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான். அது சினிமாவுக்காகக் கட்டிய தாலி. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, எங்கள் ஊர்ச் சத்திரம் ஒன்றின் நடுக்கூடத்தில் நடந்தது. இருந்தாலும் இந்த வயதிலும் சில நாட்கள் தலை வாரும்போது பிடரியில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும். சீப்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் பார்ப்பேன்.

அறுபதுகளின் நடுவில் மெட்ராசிலிருந்து ஒரு சினிமா கம்பெனி காஞ்சிபுரத்துக்கு வந்தது. சிரிப்புப் படம். பட்டணத்தில் வீடு தேடி அலையும் ஒருவனுக்குக் கல்யாணமாகாதவன் என்று யாரும் வீடு தரமாட்டேன் என்கிறார்கள். டைப் அடிக்கும் ஒரு பெண்ணுக்கும் அதே கதி. இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி என்று புளுகி ஒரே வீட்டுக்குக் குடிபோகிறார்கள். வீட்டுக்காரர் சந்தேகப்பட்டுக் கல்யாணப் போட்டோ எங்கே என்று கேட்டுவிட, போட்டோவுக்காக எங்கள் ஊருக்கு வந்து ஒரு பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அந்தப் பொய்க் கல்யாணத்தைப் படம் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத் தறி வைத்திருந்தார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நெய்து முடித்திருந்த அரக்கு நிறக் கூறைப் புடவை ஒன்று அப்போது வீட்டில் இருந்தது. கதாநாயகிக்கு அந்த நிறம்தான் வேண்டும் என்று சத்திரத்து மணியக்காரர் வந்து கேட்க, அப்பாவால் தட்ட முடியவில்லை. ஒரு நாளைக்கு மட்டும் இரவல். ஓமப்புகையும் எண்ணெய்க் கறையும் படாமல் பார்த்து, மடித்துக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். துணைக்குச் சித்தப்பா.

சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவர் பகுத்தறிவுக்காரர். ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். எங்கள் தெருவில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தால் பக்கத்தில் நின்று உபதேசம் செய்யாமல் போகமாட்டார். அவருடைய உபதேசத்தைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் தேங்காயை உடைப்பார்கள். அன்றைக்கு அவர் என்னைச் சத்திரத்தில் உட்கார வைத்துவிட்டு, சினிமாக்காரர்களுக்கு நாட்டு நடப்பை எடுத்துச் சொல்லப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் கதாநாயகனும் கதாநாயகியும் தங்கள் பங்கை முடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார்கள். பாக்கி இருந்தவை துண்டு துண்டான காட்சிகள். எரியும் ஓமம், கும்பத்துத் தேங்காய், தாலி கட்டும் கைகள், கட்டிக்கொள்ளும் கழுத்து. கைக்கும் கழுத்துக்கும் முகம் எதற்கு? புடவையை மடிக்க உட்கார்ந்தவளைப் பார்த்து உதவி டைரக்டர், அதையே சுற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் மணையில் உட்காரம்மா, பின்பக்கம் மட்டும்தான் என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. சினிமாவில் என் பிடரி வரும் என்றால் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன சாமியாரா? உட்கார்ந்தேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் எங்கள் ஊர்க்காரர்கள். பொய்க் கல்யாணம் எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு இங்கே சாமிக்குக் கல்யாணம். போன வருஷம் கட்டிய தாலி என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே முகூர்த்தத்தில் அதே கோயிலில் மனிதர்களும் வரிசையாக உட்கார்ந்து தாலி கட்டிக்கொள்வார்கள். எதைப் பார்த்தாலும் நிஜம் என்று கையெடுத்துக் கும்பிட்டுப் பழகிய ஊர் இது.

கம்பெனிக்காரர்கள் செலவைப் பார்த்து உள்ளூர்ப் புரோகிதரையே அமர்த்தியிருந்தார்கள். அவர் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறவர். உங்கள் முகம் இதில் விழாது, சும்மா இருங்கள் என்று சொல்லியும் அவர் மந்திரத்தை நிறுத்தவில்லை. நான் யார் வீட்டுப் பெண் என்று தெரிந்ததால் என் கோத்திரத்தையும் என் பெயரையும் சேர்த்தே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் கோத்திரம் கேட்டார். தெரியாதுங்க என்று மெல்லிய குரல் வந்தது. தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று அவரே போட்டுக்கொண்டார். கம்பெனியின் முலாம் பூசிய தாலி கதாநாயகியின் கழுத்தோடு மெட்ராசுக்குப் போய்விட்டிருந்தது. அதனால் என்ன என்று புரோகிதர் ஒரு விரலி மஞ்சளை எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துத் தட்டில் வைத்தார். இல்லாதப்பட்ட வீடுகளில் அப்படித்தான் கட்டுவது வழக்கம், அதற்கு ஒரு குறையும் இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் கதாநாயகன் இல்லை, கம்பெனியில் வேலை செய்யும் யாரோ ஒரு பையன். கதாநாயகனின் பட்டு வேட்டியை அவனுக்குச் சுற்றிவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவன் முழங்காலும் கைகளும்தான். தட்டிலிருந்து கயிற்றை எடுக்கும்போது அந்தக் கைகள் நடுங்கின. புரோகிதர் பழக்கதோஷத்தில் கெட்டிமேளம் என்றார். மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தவில்காரர் பழக்கதோஷத்தில் மேளத்தை இழுத்து வைத்து வெளுத்துக் கட்டினார். வேடிக்கை பார்த்த சமையல்காரர்களும் கூட்டிப் பெருக்கும் பெண்களும் கையில் கிடைத்த அட்சதையை எங்கள் தலையில் போட்டார்கள். ஒரு முடிச்சு போதும் என்று உதவி டைரக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்தப் பையன் இரண்டாவதும் போட்டான், மூன்றாவதும் போட்டான். கையைச் சட்டென்று எடுக்கவில்லை.

நான் நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, அவிழ்த்துப் போட்ட பட்டு வேட்டிதான் கிடந்தது. வாசலில் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பையன்கள், எல்லோருக்கும் கால்சட்டை, எல்லோருக்கும் முதுகு. அதில் எவன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவனாவது திரும்புவான் என்று பார்த்தேன். வேன் போய்விட்டது.

மஞ்சள் கிழங்கைத் திருப்பிக் கேட்பார் யார்? புடவையை மடித்து எடுத்துக்கொண்டு, கழுத்தில் அதோடு, பெருமையாக வீட்டுக்கு நடந்தேன். அட்சதை விழும்போதுதான் சித்தப்பா உள்ளே வந்திருந்தார். வழி நெடுக அவர் வாய் திறக்கவில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

அம்மா என் கழுத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"எத்தினி முடிச்சு?"

"மூணு."

"மூணும் யாரு போட்டது?"

அவரே என்றேன். அவன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அப்படித்தான் வந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுத்தான் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடுவாள். மூன்றையும் ஒருவனே போட்டதாக அம்மா கேள்விப்பட்டதில்லை. அது கல்யாணத்தில் சேர்த்தியா இல்லையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அப்பா போய்ப் புரோகிதரைக் கேட்டுவிட்டு வந்தார். சொன்னது மந்திரம்தான், எனக்கு நடிக்க வராது என்று அவர் கையை விரித்துவிட்டாராம்.

சித்தப்பா கொதித்துப் போனார். "கயிறு அண்ணி இது, வெறும் கயிறு. அறுத்துத் தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

அம்மா எழுந்து போய்த் தறியடியில் நூல் வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். நீயே அறு என்றாள். சித்தப்பா என் பின்னால் வந்து நின்றார். கத்திரியின் இரும்பு பிடரியில் சில்லென்று பட்டது. காத்திருந்தேன். கத்திரி அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வெளிச்சம் போதவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கூடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவருக்கு அண்ணன் மகள் கழுத்து என்றதும் கை வரவில்லை. அந்த மறுநாள் வரவே இல்லை.

அறுக்க முடியாது என்றால் கழற்ற வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் அம்மா மாட்டிக்கொண்டாள். ஆடிப் பெருக்கில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றும்போது புதுக் கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதை எடுப்பார்கள். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. அம்மா அந்த விதியை எனக்கும் வைத்தாள். புதுத்தாலி ஏறட்டும், பிறகு பழையதை எடுக்கலாம் என்றாள்.

புதுத்தாலிக்கு ஏற்பாடு நடந்துகொண்டுதான் இருந்தது. ஐயம்பேட்டையில் ஒரு வரன். பட்டுப் புடவையில் டிசைன் விழுவதற்குத் தறி அட்டையில் துளை குத்துகிறவர். பெண் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போகும்போது எங்கள் தறியில் ஏறியிருந்த கரையைக் குனிந்து பார்த்து, ஓர் இடத்தில் பூ திரும்பி விழுந்திருப்பதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். இவர்தான் வேண்டும் என்று அம்மாவிடம் வெட்கமில்லாமல் சொன்னேன். ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அதுவரை அந்தக் கயிறு என் கழுத்தில் இருந்தது. கழுத்து ஏறிய ரவிக்கை, இழுத்துப் போர்த்திய தாவணி. தெருவில் இரண்டு பெண்கள் குசுகுசுவென்று பேசினாலே வேறு தெரு வழியாகப் போவேன். ஐயம்பேட்டைக்குச் செய்தி போய்விட்டால் அவரும் போய்விடுவார். குளிக்கும்போதெல்லாம் மஞ்சள் கரைந்து நெஞ்சில் இறங்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமில்லை. பயத்தோடு எனக்கு ஓர் ஏக்கமும் இருந்தது. கோத்திரம் தெரியாத அந்தக் குரலை நினைத்துக்கொள்வேன். கை ஏன் நடுங்கியது, கையை ஏன் உடனே எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பஸ்ஸில் போனால் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை வரிசையாகப் பார்ப்பேன். பூக்காரன் கை, கண்டக்டர் கை, கோயிலில் விபூதி தரும் கை. எந்தக் கையாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டபோது தெருவில் நடக்கவே அச்சமாக இருந்தது. ஐயம்பேட்டைக்காரரை எனக்குப் பிடிக்கும். அவரைப் பிடிக்கும் என்பதால்தான் அச்சம் இரட்டிப்பானது.

கல்யாணத்தன்று பழைய கயிற்றைப் பூச்சரத்துக்குள் மறைத்து, அம்மா என் பின்னாலேயே நின்றாள். அவர் ஒரு முடிச்சுப் போட்டார். நாத்தனார் இரண்டு போட்டாள். அந்த ஒரு வேளை என் கழுத்தில் இரண்டு தாலி இருந்தது. பிறகு அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, அம்மா பழையதை அறுக்காமல் தலைவழியாக எடுத்தாள். நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று பார்த்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்து, அதைப் பிடித்தபடியே நின்றாள்.

மறுவாரம் அதை ஆற்றில் விடுவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் போனாள். பாலாற்றில் தண்ணீர் ஏது? கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். மணலைக் கையால் பறித்து அதில் புதைத்தாள். திரும்பி வரும் வழியில், பின்னால் திரும்பிப் பார்க்காமல், நெஞ்சில் இருந்ததைச் சொன்னாள்.

"அதுக்கு மேல கட்டுன தாலிக்கு ஒண்ணும் ஆவாம இருக்கணும். நீ நல்லா இருக்கணும், அவுரு நல்லா இருக்கணும். வேற எனக்கு இன்னா வேணும்."

அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. வேலையிலிருந்து அவர் வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். அவர் இரண்டு தும்மல் போட்டால் அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவேன், அம்மா காமாட்சி கோயில் குங்குமத்தோடு ஓடி வருவாள். பெண்டாட்டிக்கு என் மேல் எவ்வளவு உயிர் என்று அவர் பூரித்துப் போவார். பாவம்.

படம் தயாராகி எங்கள் ஊருக்கு வர நெடுநாள் ஆனது. அவர்தான் கூட்டிப்போனார். சிரிப்புப் படம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்றார். இன்ன படம் என்று கொட்டகை வாசலில் போஸ்டரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனால் சரியாகிவிடும் என்றார்.

சத்திரம் வந்தது. எரியும் ஓமம் வந்தது. திரை முழுக்க என் பிடரி வந்தது. அதன் மேல் அந்தக் கைகள் வந்தன. முன்பக்கம் திரும்பினால் கதாநாயகியின் முகம். கொட்டகையில் ஒரே சிரிப்பு, அவரும் சிரித்தார். நான் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டார்களா? படம் முடியும்போது பொய்யாகப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்களுக்கு நிஜமாகவே காதல் வந்துவிட்டது. இரண்டு குடும்பமும் கூடி, ஊரறிய நிஜக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அங்கேயும் என் கழுத்து வந்தது. அங்கேயும் அதே கைகள். கம்பெனிக்காரர்கள் புதிதாக எடுக்கச் சோம்பிப் பழைய துண்டையே இரண்டாம் முறையும் ஒட்டிவிட்டிருந்தார்கள். முன்பு சிரித்த கூட்டம் இப்போது விசில் அடித்தது, பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவை பொய்யாம், இந்தத் தடவை நிஜமாம். பக்கத்தில் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, விசில் அடிக்கவும் இல்லை.

சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரெண்டும் ஒரே துண்டு, கவனிச்சியா என்றார். கரையில் பூ திரும்பினால் கண்டுபிடிக்கிற கண் அது.

"அந்தக் கழுத்துல ஒரு மச்சம் இருக்குது. அத நான் பாத்திருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கூறைப் புடவை, புரோகிதர், மஞ்சள் கிழங்கு, சித்தப்பாவின் கத்திரி, ஓரிக்கை மணல். சித்தப்பாவின் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். தாலி கட்டும்போது பூவுக்கு அடியில் ஏதோ கயிறு விரலில் பட்டதாகவும், தாயத்து என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். பிறகு அவரும் அதையே கேட்டார்.

"எத்தினி முடிச்சு?"

மூணு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அவமானமாக இல்லை, ஆத்திரமாக வந்தது. ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு வேனில் ஏறிப் போனவனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன். கேள்வி அவரிடம் இல்லை என்று அவருக்கும் தெரியும். சைக்கிளை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுக் கிண்டலாகிவிட்டது. ரோட்டில் சினிமா வேன் எதையாவது பார்த்தால், உன் பெரிய வீட்டுக்காரரு வந்திருக்காரு, ஒரு வாய் காபி குடுத்து அனுப்பு என்பார். குழம்பில் உப்புக் குறைந்தால், மூணு முடிச்சுக்காரருக்கு உப்பு ஆகாதோ என்பார். நானும் சிரிப்பேன். அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். ஆனால் அந்தப் படம் ஊரில் ஓடிய வரைக்கும் அவர் தனியாகப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். செவிலிமேட்டுப் பக்கம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது அங்கேயும் போயிருக்கிறார். கூட வேலை பார்த்தவர் உளறியதில் எனக்குத் தெரிந்தது. எதற்கு என்று சண்டை பிடித்தேன். முதலில் மழுப்பினார். கடைசியில் சொன்னார்.

"அவன் கை நடுங்குது. நடிக்கிறவன் கை அப்படி நடுங்காது. நான் கட்டும்போது எனக்கு நடுங்குச்சா?"

நடுங்கவில்லை. அட்டை குத்தும் கை, சிரத்தையாக ஒரு முடிச்சுப் போட்டது. நடுங்குச்சு என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பமாட்டார். பதிலுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் அந்தப் படத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. கிண்டலும் குறைந்துவிட்டது. கிண்டல் குறைந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பதும், இரண்டு பேரும் அவனைப் பார்க்காத மாதிரி புழங்குவதும் போல இருந்தது.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி, பிறகு பத்தியம், பிறகு பெரியாஸ்பத்திரி. கண்ணும் நகமும் மஞ்சளாகிவிட்டன. அந்த மஞ்சளைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கண்ணில் தெரிந்துவிடும் என்று பயம். நினைவு தப்புவதற்கு முந்தின நாள் அவர் என் கையைத் தேடினார். கொடுத்தேன். இப்பத்தான் நடுங்குது பாரு என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழவும் வரவில்லை.

அவர் போய்விட்டார். காரியத்துக்கு முந்தின நாள் தாலி வாங்குவார்கள், அதாவது பெண்டாட்டி கழுத்திலிருந்து தாலியை எடுப்பார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தெருப் பெண்களும் உறவும் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். என் மாமியார் எதிரில் சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள் சோறு தொடவில்லை. இந்தக் காரியத்தைச் செய்வதற்கென்று வந்திருந்த வயதான விதவை ஒருத்தி எழுந்து என் பின்னால் வந்தாள்.

அப்போது அம்மா இடையில் வந்து விழுந்தாள். அந்தக் கிழவியின் கையைத் தட்டிவிட்டு, என் கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். இத்தனை வருஷம் எந்தச் செய்தி வெளியே போய்விடும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாளோ, அதை அவளே கூடத்தின் நடுவில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எம் பொண்ணு அறுக்க வேணாம். பூவ எடுக்காதீங்க, பொட்ட அழிக்காதீங்க. இவளுக்கு மொதல்ல கட்டுனவன் வேற ஒருத்தன். மூணு முடிச்சும் போட்டான். அவன் எங்கியோ உசுரோட இருக்கறான்."

ஒப்பாரி நின்றுவிட்டது. மாமியார் சுவரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பித்துப் பிடித்துவிட்டதா என்று சிலர் அம்மாவை இழுத்தார்கள். அவள் என் கழுத்தை விடவில்லை. அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்கு அம்மா புரிந்தாள். என்னை எதிலிருந்தாவது காப்பாற்ற வேண்டும், கைக்குக் கிடைத்தது அதுதான். முகம் தெரியாத அவன் நிஜமாகவே அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. நான் தலையாட்டினால் போதும். பூவும் பொட்டும் இருக்கும். சுப காரியங்களில் முன்னால் நிற்கலாம். அவர் மட்டும் எனக்கு யாரோ ஒருவர் ஆகிவிடுவார்.

அம்மாவின் விரல்களை நானே ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து எடுத்தேன்.

"எனக்குக் கட்டுனவரு ஒருத்தருதாம்மா. அவரு செத்துட்டாரு."

என்னைத் தொட வந்த கிழவியைப் பார்த்து, எடுங்க என்றேன். அவள் தயங்கினாள். மாமியார்தான் எழுந்து வந்தாள். என் பின்னால் உட்கார்ந்து, தன் பிள்ளை கட்டிய தாலியை அவள் கையாலேயே எடுத்தாள். எடுத்துவிட்டு என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அம்மா தரையில் கிடந்தாள்.

"அடிப்பாவி, இருந்த ஒருத்தனையும் வேணாம்னுட்டியே."

அவர் போன நாளிலிருந்து எனக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.